சந்திராவின் டீ-கெயின் கோப்புகள்: எதுவரை நம்பலாம்?

பொருள்: சந்திரா விண்தொலைநோக்கியின் ஏசிஸ் சிசிடி கேமராவுக்காகச் சந்திரா எக்ஸ்கதிர் மையம் வெளியிட்டுவரும் காலவாரியான கெயின் திருத்தக் கோப்புகள். சுருக்கமாக, டீ-கெயின். இவை கால்டிபி என்ற அளவுத்திருத்தத் தொகுப்பில் வருகின்றன. தரவின்மேல் ஏற்றித் தருவது சியாவோ மென்பொருள்.

விலை: இலவசம்.

தேவை: லினக்ஸ் அல்லது மேக் கணினி, காண்டா (மென்பொருள் நிறுவும் கருவி), சில ஜிபி வட்டு இடம். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக ஓட்டிக்கொள்ளலாம். கெயின் வேலைக்கு கால்டிபியின் முதன்மைத் தொகுப்பு மட்டும் போதும். வெற்றுவானப் பின்னணிக் கோப்புகளை இப்போதே இறக்கி வட்டை நிரப்ப வேண்டாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவிக்குள் இருக்கும் இரும்பு-55 என்ற கதிரியக்க எக்ஸ்கதிர் மூலம் பிரகாசமாக இருந்த காலத்துத் தரவுக்கு, அதாவது 2000 தொடங்கி முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு, இந்தத் திருத்தத்தை ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டே ஏற்கலாம். அண்மை ஆண்டுகளின் தரவில், திருத்தம் ஏற்றிய பிறகும் தனியாக ஒருமுறை சரிபார்க்காமல் நிறமாலைக் கோடுகளின் இடத்தைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது. கடந்த ஆறு மாதத்தில் எடுத்த தரவென்றால், இன்று கிடைக்கும் விடையைத் தற்காலிக விடை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

எதற்கு இந்தத் திருத்தம்?

ஒரு எக்ஸ்கதிர் ஃபோட்டான் சிலிக்கானில் விழுந்தால், சராசரியாக 3.65 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் விடுபடும். 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கேஇவி) ஆற்றலுள்ள மாங்கனீசுக் கோட்டுக்கு 1600 சொச்சம் எலக்ட்ரான்கள். அந்தக் கும்பல் பிக்சல் பிக்சலாக நகர்ந்து, சிப்பின் நான்கு வெளியீட்டு முனைகளில் ஒன்றை அடைந்து, பெருக்கப்பட்டு, ஓர் எண்ணாக மாறுகிறது. அந்த எண் பிஹெச்ஏ. அதை ஆற்றலாக மாற்றும் விகிதம்தான் கெயின். அது ஒரு சதவீதம் பிசகினால், 6.4 கேஇவி-யில் நிற்க வேண்டிய இரும்புக் கோடு 6.34-இல் நிற்கும். பார்ப்பவர் அதை விநாடிக்கு 3000 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்லும் வாயு என்று எழுதிவிடுவார். கெயின் பிழையை யாரும் கெயின் பிழையாகப் பார்ப்பதில்லை. அது எப்போதும் ஒரு கண்டுபிடிப்பின் வேடத்தில்தான் வரும்.

ஏசிஸில் பத்து சிப்கள், ஒவ்வொன்றும் 1024-க்கு 1024 பிக்சல். எட்டு சிப்கள் முன்புறம் வெளிச்சம் வாங்குபவை. எஸ்1, எஸ்3 என்ற இரண்டு மட்டும் பின்புறம் வாங்குபவை. இந்த வேறுபாடுதான் கெயின் கதையின் அச்சாணி. 1999 ஜூலை 23-இல் ஏவப்பட்ட சில வாரங்களிலேயே, தொலைநோக்கி கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்கும்போது ஏசிஸ் குவியத்திலேயே விடப்பட்டிருந்தது. 100 கேஇவி வாக்கில் ஆற்றலுள்ள புரோட்டான்கள் ஆடிகளில் பட்டுச் சிதறி நேரே சிப்களில் வந்து விழுந்தன. முன்புற சிப்களில் மின்னூட்டம் நகரும் கால்வாய் அந்தப் புரோட்டான்கள் போய் நிற்கும் ஆழத்திலேயே இருப்பதால் அங்கே பொறிகள் உண்டாயின. பின்புற சிப்களில் அதே கால்வாய் எதிர்ப்பக்கத்தில், ஆழத்தில் இருப்பதால் அவை தப்பின. அதன்பின் பட்டைகளைக் கடக்கும்போதெல்லாம் ஏசிஸைக் குவியத்திலிருந்து நகர்த்தி வைக்கிறார்கள். சேதம் வளரும் வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் நிற்கவில்லை.

பொறி என்ன செய்யும்? நகர்ந்துபோகும் எலக்ட்ரான்களில் சிலவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, கும்பல் கடந்துபோன பிறகு விடும். ஒரு நகர்வுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இழப்பு என்று வைத்துக்கொண்டால், சிப்பின் மேல் விளிம்பில் விழுந்த ஃபோட்டானுக்கு ஆயிரம் நகர்வுகளில் பத்து சதவீத மின்னூட்டம் வழியிலேயே போய்விடும். வெளியீட்டுப் பக்கம் விழுந்ததற்கு ஒன்றும் ஆகாது. இந்த இழப்புக்குச் சிடிஐ என்று பெயர். ஆகவே ஏசிஸில் கெயின் என்பது ஒற்றை எண் அல்ல. இடத்தையும் ஆற்றலையும் காலத்தையும் பொறுத்து மாறும் ஒரு வரைபடம்.

இதில் இரண்டு நுணுக்கங்களைப் பலர் தவறவிடுகிறார்கள். முதலாவது, காலம் போகப்போகக் கெயின் ஒரே திசையில் சரியும் என்ற எண்ணம். காஸ்மிக் கதிர்கள் சிப்பில் விட்டுச்செல்லும் மின்னூட்டம் பொறிகளை நிரப்பிவிடும். நிரம்பிய பொறி, பின்னால் வரும் எக்ஸ்கதிர் மின்னூட்டத்தைப் பிடிக்காது. சூரியச் செயல்பாடு தாழ்ந்திருக்கும் ஆண்டுகளில் காஸ்மிக் கதிர்கள் அதிகம். அப்போது சிடிஐ சற்று நல்லபடியாகவே இருக்கும். சூரியன் சூடுபிடிக்கும் ஆண்டுகளில் காஸ்மிக் கதிர் குறைந்து, சிடிஐ மோசமாகத் தெரியும். ஆக, மெதுவாக வளரும் சேதத்தின்மேல் பதினோரு ஆண்டு அலை ஒன்றும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நேர்கோடு போட்டு நீட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இரண்டாவது, வெப்பநிலை. 2000 ஜனவரி கடைசியிலிருந்து சிப்களின் இலக்கு வெப்பநிலை மைனஸ் 119.7 டிகிரி செல்சியஸ். வெளிப்புற வெப்பக் காப்புப் போர்வை வயதாகி, விண்கலம் முன்பைவிடச் சூடாகிவிட்டதால், சில திசைகளில் வெகுநேரம் நோக்கினால் இந்த அளவைப் பிடித்து வைக்க முடிவதில்லை. முன்புற சிப்களில் வெப்பம் ஏறினால் சிடிஐ ஏறும். ஒரே நோக்கலின் முதல் மணி நேரத்துக்கும் கடைசி மணி நேரத்துக்கும் கெயின் வேறுபடலாம்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது?

இரும்பு-55 மூலம் ஒன்று கருவியோடு பொருத்தப்பட்டிருக்கிறது. ஏசிஸ் குவியத்தை விட்டு நகர்ந்து நிற்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும், சிப்கள் அந்த மூலத்தைப் பார்க்கின்றன. அலுமினியம் 1.49, டைட்டானியம் 4.51, மாங்கனீசு 5.9 கேஇவி என்ற மூன்று வலுவான கோடுகள் கிடைக்கும். சிப்பை 32-க்கு 32 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே விழுகிறது, தொடக்கத்தில் எங்கே விழுந்தது என்ற வித்தியாசத்தை எடுக்கிறார்கள். அந்த வித்தியாசங்களின் அட்டவணைதான் டீ-கெயின் கோப்பு.

ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1 ஆகிய நாட்களில் பருவம் தொடங்கும். உங்கள் நோக்கல் நாள் இரண்டு அளவீடுகளுக்கு நடுவே விழுந்தால், இரண்டுக்கும் இடையில் நேரியல் இடைக்கணிப்பு செய்து அந்த நாளுக்குரிய திருத்தம் கொடுக்கப்படும். எளிய ஏற்பாடுதான், ஆனால் கால் நூற்றாண்டாக விடாமல் நடக்கிறது. இந்தச் சேவையின் உண்மையான சிறப்பு அந்தத் தொடர்ச்சிதான். வேறு எந்த எக்ஸ்கதிர் சிசிடிக்கும் இவ்வளவு நீண்ட, இவ்வளவு நெருக்கமான பதிவேடு கிடைப்பது அரிது.

பயன்படுத்தும் விதம்

பெரும்பாலானோருக்கு 'சந்திரா ரீப்ரோ' ஸ்கிரிப்ட் போதும். நோக்கல் எண்ணைக் கொடுத்துக் காப்பகத்திலிருந்து தரவை இறக்கி, அந்த அடைவின்மேல் ஓட்டினால், அது 'ஏசிஸ் பிராசஸ் ஈவென்ட்ஸ்' கருவியைச் சரியான அமைப்புகளோடு கூப்பிட்டு, இரண்டாம் நிலை நிகழ்வுக் கோப்பைப் புதிதாக எழுதித் தரும். கையாலேயே ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய அளவுருக்கள் சில: சிடிஐ திருத்தமும் டீ-கெயின் திருத்தமும் இரண்டும் 'ஆம்' என்று இருக்க வேண்டும், கெயின், டீ-கெயின், சிடிஐ ஆகிய மூன்று கோப்புப் பெயர்களுக்கும் 'கால்டிபி' என்றே விட வேண்டும், பழைய கோப்பின் பெயரை ஒட்டிவைக்கக் கூடாது, எம்டிஎல் கோப்பின் பெயரைத் தவறாமல் கொடுக்க வேண்டும்.

அந்த எம்டிஎல் விஷயத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். காப்பகத்திலிருந்து வரும் 'செகண்டரி' அடைவில் இது இருக்கும். நோக்கல் நேரம் முழுவதும் சிப்களின் வெப்பநிலை என்ன என்ற பதிவு அதில் உண்டு. வெப்பத்தைப் பொறுத்த சிடிஐ திருத்தம் அதை வைத்துத்தான் நடக்கிறது. கொடுக்காவிட்டால் கருவி நின்றுவிடாது, வழக்கமான வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். பழைய நோக்கல்களுக்கு இதனால் பெரிய கேடில்லை. அண்மை ஆண்டுகளின் நீண்ட நோக்கல்களில், அதுவும் முன்புற சிப்களின் மேல் பாதியில், இது உதைக்கும். ரீப்ரோ ஸ்கிரிப்ட் இந்தக் கோப்பைத் தானே தேடி எடுத்துக்கொள்கிறது. கையால் ஓட்டுவதைவிட ஸ்கிரிப்டே மேல் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

ஓட்டி முடித்ததும் முதல் வேலை, கோப்பின் தலைப்பைத் திறந்து எந்த டீ-கெயின் கோப்பு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. பெயரிலேயே பருவத்தின் தொடக்க நாள் எழுதியிருக்கும். உங்கள் நோக்கல் 2014 மார்ச் என்றால் 2014 பிப்ரவரி 1 என்று தொடங்கும் கோப்பு இருக்க வேண்டும். வேறு நாள் இருந்தால் கால்டிபி பழையது, அல்லது சூழல் மாறி வேறொரு கால்டிபியைக் காட்டுகிறது. ஒரே கணினியில் இரண்டு காண்டா சூழல்கள் வைத்திருப்பவர்களுக்கு இது சர்வசாதாரணமாக நடக்கும். நிறுவலைச் சரிபார்க்கும் சிறு நிரலும் சியாவோவிலேயே உண்டு. அரை நிமிட வேலை.

அதே தலைப்பில் குவியத்தள வெப்பநிலையும் கெல்வினில் இருக்கும். 153.5 வாக்கில் இருந்தால் நிம்மதி. ஆனால் அது ஒற்றை எண். நோக்கலுக்குள் நடந்த ஏற்ற இறக்கம் அதில் தெரியாது. எம்டிஎல் கோப்பின் வெப்பநிலைப் பத்தியை நேரத்துக்கு எதிராக வரைந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு பொருத்தம்: திருத்தம் ஏற்றிய நிகழ்வுக் கோப்புக்கு, அதே திருத்தத்துக்கு உரிய மறுமொழி அணிதான் (எந்த ஆற்றல் எந்தச் சேனலில் பதிவாகும் என்று சொல்லும் அட்டவணை) வேண்டும். சிடிஐ திருத்திய தரவுக்கு 'எம்கே ஏசிஸ் ஆர்எம்எஃப்' கருவி உண்டாக்கும் அணி சரி. எப்போதோ செய்து வைத்த பழைய அணியைக் கோப்புறையிலிருந்து எடுத்துப் போட்டால், கெயின் சரியாக இருந்தும் கோடுகள் நகர்ந்து நிற்கும். பழி கெயின்மேல் விழும். 'ஸ்பெக்எக்ஸ்ட்ராக்ட்' வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை. 1999 கடைசி மாதங்களின் தரவுக்கும் இதே எச்சரிக்கை: அப்போது சிப்களின் வெப்பநிலை வேறு, திருத்தக் கோப்புகளும் வேறு. பின்னால் வந்த ஆண்டுகளுக்கு உரிய துல்லியத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கே உதைக்கிறது?

இரும்பு-55-இன் அரை ஆயுள் 2.7 ஆண்டு. இருபத்தைந்து ஆண்டில் ஒன்பது அரை ஆயுளுக்கு மேல் ஓடிவிட்டது; மூலத்தின் பிரகாசம் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழ். கோட்டின் ஆற்றல் மாறவில்லை, எண்ணிக்கைதான் வற்றிவிட்டது. சிப்பின் ஒவ்வொரு 32-க்கு 32 கட்டத்திலும் கோட்டின் மையத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும் என்பது எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 5.9 கேஇவி-யில் கோட்டின் சிக்மா அகலத்தை 80 எலக்ட்ரான் வோல்ட் என்று கொண்டால், 100 எண்ணிக்கைக்கு மையத்தின் பிழை 8 எலக்ட்ரான் வோல்ட். அது 0.14 சதவீதம்; பிரமாதம். எண்ணிக்கை ஒன்பதாகக் குறைந்தால் பிழை 27, ஏறக்குறைய 0.45 சதவீதம். ஏசிஸ் கெயினுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் துல்லியம் 0.3 சதவீதம், அந்த வரம்பை அது தாண்டிவிட்டது. இந்தத் தட்டுப்பாட்டுக்குக் கட்டங்களைப் பெரிதாக்கலாம், நீண்ட காலத்துத் தரவைச் சேர்க்கலாம். இரண்டுமே நுண்ணிய மாறுதல்களை மழுங்கடிக்கும்.

அதனால்தான் இப்போது வானத்திலிருக்கும் ஒரு மூலத்தைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள்: காசியோப்பியா ஏ என்ற மீயொளிர் விண்மீன் எச்சம். சந்திரா வெளியிட்ட முதல் படங்களில் ஒன்றும் அதுதான். சிலிக்கான் 1.86, கந்தகம் 2.45 கேஇவி பக்கம் அடர்த்தியான கோடுகள். மேலே ஆர்கான், கால்சியம், 6.6 பக்கம் இரும்பு. பிரகாசத்துக்குக் குறையே இல்லை, இரும்பு-55-ஐப் போல வற்றவும் செய்யாது.

ஆனால் இதை இரும்பு-55-க்குச் சமமாக வைக்க முடியாது. ஆய்வகத்து அணுக் கோட்டுக்கு ஒரே ஆற்றல். காசியோப்பியா ஏ-யின் வாயு விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, இன்னொரு பக்கம் விலகிப் போகிறது; இடத்துக்கு இடம் கோடு நகர்ந்தே இருக்கும். எச்சத்தின் குறுக்களவு ஐந்து ஆர்க் நிமிடம் வாக்கில், ஒரு சிப் எட்டு ஆர்க் நிமிடத்துக்குச் சற்று அதிகம். முழுச் சிப்பையும் மூட வேண்டுமானால் இலக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல நோக்கல்கள் வேண்டும். எச்சமும் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல மாறுகிறது. ஆகவே இதன் பலம், இரும்பு-55 பிரகாசமாக இருந்த ஆண்டுகளில் இதே எச்சத்தை எடுத்த தரவோடு ஒப்பிடுவதில்தான் இருக்கிறது. முத்திரை போட்ட படிக்கல் இல்லாத கடையில், முன்பு எடைபார்த்து வைத்த சரக்கைத் திரும்பத் தராசில் போட்டுப் பார்ப்பது மாதிரி. வேறு வழியில்லாத இடத்தில் நல்ல வழி, அவ்வளவுதான்.

இரண்டாவது குறை, காலதாமதம். பருவம் முடிந்து, தரவு சேர்ந்து, கோப்பு வெளிவருவதற்குள் உங்கள் நோக்கல் முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். புதிய பருவத்துக்கு முதலில் இடைக்கணிப்பு இல்லாத கோப்பு வரும், அடுத்த பருவத்து அளவீடு வந்த பிறகே இடைக்கணிப்பு செய்த இறுதிக் கோப்பு வரும். வெளியீட்டுக் குறிப்பில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கும், படிக்கிறவர்தான் குறைவு. காப்பகத்திலிருந்து நேரே எடுத்த, மறுசெயலாக்கம் செய்யாத நிகழ்வுக் கோப்பு எந்தக் கோப்போடு உருவானது என்று பார்க்காமல் நிறமாலை எடுப்பவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

மூன்றாவது, குறைந்த ஆற்றல். இரும்பு-55 மூலத்தின் வலுவான கோடுகளில் மிகத் தாழ்ந்தது 1.49 கேஇவி. அதற்குக் கீழே திருத்தம் ஊகத்தின் பக்கம் சாய்கிறது. ஆக்சிஜன், நியான் கோடுகளைப் பார்க்கிறவர்கள் சிறிய மகெல்லன் மேகத்திலுள்ள ஈ0102 எச்சத்தின் நோக்கல் ஒன்றைத் தங்கள் நோக்கலுக்கு நெருங்கிய தேதியில், அதே சிப்பில் தேடி எடுத்து ஒப்பிடுவது நல்லது, 0.57, 0.65, 0.92, 1.02 கேஇவி-யில் தெளிவான கோடுகள் அதில் உண்டு. இதே பகுதியில் ஒளித்தடுப்பு வடிகட்டியின்மேல் படிந்திருக்கும் மாசும் விளையாடும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: மாசு கோட்டின் உயரத்தைக் குறைக்கும், கெயின் பிழை கோட்டின் இடத்தை நகர்த்தும்.

நீங்களே சரிபார்ப்பது எப்படி?

இந்தச் சேவையை நம்பிப் பயன்படுத்த வேண்டுமானால் இந்தப் பகுதி கட்டாயம்.

முதல் சோதனை, கருவியின் சொந்தப் பின்னணி. காஸ்மிக் கதிர்கள் கருவியின் உலோகங்களில் பட்டு ஒளிர்வுக் கோடுகளை எழுப்புகின்றன: நிக்கல் 7.47, தங்கம் 9.7 கேஇவி. உங்கள் நோக்கலிலேயே, வான்மூலங்களை நீக்கிவிட்டு மிச்சமுள்ள சிப் பரப்பிலிருந்து ஒரு நிறமாலை எடுத்து, இந்த இரண்டு கோடுகளுக்கும் காஸ் வளைவு பொருத்துங்கள். மையங்கள் பிழைக்குள் விழுந்தால் உயர் ஆற்றல் பக்கம் சரி. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சிப்பின் படச் சேமிப்புப் பகுதியில் நேரடியாக விழும் ஃபோட்டான்கள் படப்பகுதியின் நகர்வுகளைச் செய்யவே இல்லை. ஆனால் மென்பொருள் அவற்றுக்கும் சிடிஐ திருத்தம் போட்டுவிடுகிறது. விளைவு, உண்மைக் கோட்டுக்குப் பக்கத்தில் சற்று அதிக ஆற்றலில் ஒரு போலிக் கோடு. அது சிப்பில் மேலே போகப்போக விலகிப்போகும். அகலமான ஒற்றை வளைவைப் போட்டால் இந்தப் போலியும் சேர்ந்து மையத்தை மேலே இழுக்கும், கெயின் கெட்டுவிட்டது என்று தவறாக முடிவு செய்வீர்கள். சிப்பைக் குறுக்குப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வளைவுகள் போட்டுப் பாருங்கள். இடத்தோடு நகராமல் நிற்பதுதான் உண்மைக் கோடு.

இரண்டாவது சோதனை, நீங்கள் நோக்கிய வான்மூலத்தின் நிறமாலையில் 1.84, 2.1 கேஇவி பக்கங்கள். முதலாவது சிலிக்கானின் விளிம்பு (கருவியின் உணர்திறன் சட்டென மாறும் ஆற்றல்), இரண்டாவது ஆடிகளின் இரிடியம் விளிம்பு. கோடுகளே இல்லாத சாதாரணப் படிவிதி நிறமாலையில்கூடக் கெயின் நகர்ந்திருந்தால் இந்த இடங்களில் தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பக்கம் மேலேறி, மறுபக்கம் கீழிறங்கி நெளியும். பெயர் தெரியாத உமிழ்வுக் கோடு, பக்கத்திலேயே ஒரு உட்கவர் கோடு என்று ஆர்வத்தோடு மாதிரிகளைச் சேர்க்கும் முன் இந்த நெளிவை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, விண்மீன்திரள் கொத்துகளில் வேலை செய்பவர்களுக்கு. கண்ணுறு ஒளியில் கிடைத்த செந்நகர்வு தெரிந்திருக்கும். எக்ஸ்கதிர் மாதிரியில் செந்நகர்வைத் திறந்துவிட்டு, அதாவது மாற அனுமதித்து, பொருத்திப் பாருங்கள். 0.3 சதவீதக் கெயின் பிழை என்றால் செந்நகர்வில் 0.003 அளவு பிசகு, வேகத்தில் விநாடிக்கு 900 கிலோமீட்டர். ஏசிஸின் ஒரு பிஐ சேனல், அதாவது திருத்திய ஆற்றலை எண்ணும் ஒரு படி, 14.6 எலக்ட்ரான் வோல்ட் அகலம். இரும்புக் கோட்டுப் பக்கம் 0.3 சதவீதம் என்பது ஒரு சேனலுக்குச் சற்று அதிகம். கொத்தின் ஒரு பாதி இன்னொரு பாதியைவிட 500 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று ஏசிஸை மட்டும் வைத்துச் சொல்பவரிடம், இரண்டு பாதியும் சிப்பின் எந்த வரிசைகளில் விழுந்தன என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் பிறகும் பிசகு இருந்தால்தான், நிறமாலை பொருத்தும் மென்பொருளான எக்ஸ்பெக்கின் 'கெயின் ஃபிட்' கட்டளை. ஆற்றல் அளவைப் பெருக்கும் சரிவு, அதோடு கூட்டும் விலக்கம் இரண்டையும் ஒருசேரத் திறந்துவிட்டால் எந்த மோசமான மாதிரியும் அழகாகப் பொருந்திவிடும், அதுதான் ஆபத்து. சரிவை 1-இல் கட்டிவைத்து, விலக்கத்தை மட்டும் திறங்கள். கிடைத்த விலக்கம் சேனல் அகலத்தைவிட மிக அதிகம் என்றால் கோளாறு கெயினில் இல்லை, முந்தைய படிகளில் எங்கோ இருக்கிறது; திரும்பிப் போய் மறுமொழி அணியைப் பாருங்கள்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் எஸ்எக்ஸ்டி எக்ஸ்கதிர்த் தொலைநோக்கியின் சிசிடியிலும் மூலைகளில் இரும்பு-55 உண்டு. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான ஆய்வுகள் சரிவை 1-இல் வைத்து, சில பத்து எலக்ட்ரான் வோல்ட் விலக்கத்தைக் கெயின் ஃபிட்டில்தான் எடுக்கின்றன. அதாவது சந்திராவில் மையம் செய்து தரும் வேலையில் ஒரு பங்கை அங்கே பயனர் செய்துகொள்கிறார். ஆஸ்ட்ரோசாட்டின் வாயுக் கருவியான லாக்ஸ்பிசியில் கதையே வேறு: அமெரிசியம்-241 கொண்டு கெயினைப் பார்த்து, உயர் மின்னழுத்தத்தை மாற்றியே சரிசெய்ய வேண்டியிருந்தது. அதன் மூன்று அலகுகளில் ஒன்றில் வாயு கசிந்தது. 2018-இல் அதை நிறுத்திவிட்டார்கள். நியூஸ்டார் எக்ஸ்கதிர் விண்தொலைநோக்கி யூரோப்பியம்-155 மூலத்தை வைத்திருக்கிறது.

துல்லியம் மட்டுமே வேண்டுமென்றால் போட்டி கிரிஸம் விண்கலத்தின் ரிசால்வ் கருவியோடுதான். 50 மில்லிகெல்வினில் இயங்கும் 36 பிக்சல். பிரிதிறன் 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கீழ். அங்கே கெயின் ஆண்டுக்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் நகரும். குளிரூட்டியை மறுசுழற்சி செய்யும் ஒவ்வொரு முறையும் நகரும். அதனால் வடிகட்டிச் சக்கரத்திலுள்ள இரும்பு-55-ஐ நோக்கலின் நடுவே அவ்வப்போது காட்டி, பிக்சல் பிக்சலாகக் கெயின் வரலாற்றுக் கோப்பு எழுதுகிறார்கள். 27-ஆம் பிக்சலின் கெயின் திடீர் திடீரென்று தாவுவதால் அதைச் சேர்க்காமல் விடுவதே வழக்கம். ஆனால் ரிசால்வின் ஒரு பிக்சல் 30 ஆர்க் விநாடி. சந்திராவின் படக்கூர்மை அரை ஆர்க் விநாடி. ஒன்றுக்கு இன்னொன்று மாற்று அல்ல.

யாருக்கு ஏற்றது? படம், வெப்பநிலை, தனிம வளம், உட்கவர்வு இவற்றைப் பார்ப்பவர்கள் ரீப்ரோவை ஓட்டி, தலைப்பில் கோப்பு நாளைச் சரிபார்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். கட்டுரையில் கால்டிபி பதிப்பு எண்ணை எழுத மறக்க வேண்டாம். அடுத்தவர் மறுபடி செய்து பார்க்க அது இல்லாமல் முடியாது. கோடுகளின் இடத்தை வைத்து வாதிடுபவர்கள் பின்னணிக் கோட்டுச் சோதனையை ஒவ்வொரு நோக்கலுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 2003 நோக்கலுக்குச் சரியாக இருந்தது 2023 நோக்கலுக்கும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல ஆண்டுத் தரவைச் சேர்ப்பதானால் நிறமாலைகளைக் கூட்டாமல், ஒவ்வொன்றையும் அதனதன் மறுமொழி அணியோடு ஒருங்கே பொருத்துவதே நல்லது. இலக்கு எஸ்3-இல் விழும்படி திட்டமிட முடிந்தால் அப்படியே செய்யுங்கள். முன்புற சிப்தான் வேண்டுமென்றால் வெளியீட்டுக்கு அருகிலுள்ள வரிசைகளில் விழும்படி பாருங்கள். விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகங்களைத் தேடுகிறவர்கள் ஏசிஸ் நேரத்துக்கு விண்ணப்பிக்காமல் ரிசால்வுக்கு விண்ணப்பிக்கலாம்.